கறுப்புப் பொருக்கு

முனெம்மாவின் வலது முழங்காலுக்குப் பின்மடிப்பில்
பீடி நெருப்பு பட்டதுபோல் ஒரு பொருக்கு.
ஒன்பது நாள் காய்ச்சலில்
குடிபாலாவில் ஒருவர், சித்தூரில் இருவர் பார்த்தார்கள்.
காலைத் திருப்பிப் பார்க்கவில்லை.
காட்பாடி வார்டில்
படுக்கை விரிப்பு மாற்ற வந்த டெல்சிதான் பார்த்தாள்.

கடித்தது எப்போதென்று அவளுக்கே தெரியாது.
கடுகில் கால்வாசிகூட இல்லாத பூச்சி,
வேர்க்கடலைக் கொல்லையின் வரப்புப் புல்நுனியில்
எலிக்காகக் காத்திருந்தது.
வந்தது அவள் கால்.

ஒப்புதல் படிவத்தில் பெருவிரல் மை.
அதனுடன் பத்து மில்லி ரத்தம்
எனக்கு வந்தது.

என் கேள்வி சின்னது;
பதினோரு வருடமாகக் கேட்கிறேன்:
வீட்டுக்குள் ஆள் நுழைந்தது
வீட்டுக்கு எப்படித் தெரிகிறது?

மற்ற கிருமிகள் சத்தக்காரர்கள்.
வாலைச் சுழற்றிக்கொண்டு வரும்,
கொழுப்பும் சர்க்கரையும் பின்னிய
கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வரும்.
அதைப் பிடிக்கவென்றே செல்லின் தோலில் கொக்கிகள் உண்டு.
இது கோட்டே இல்லாமல் வருகிறது.
செல்லின் சொந்தத் தண்டவாளத்தில்
டிக்கெட் எடுக்காமல் ஏறி
உட்கருவுக்குப் பக்கத்தில் இறங்கி
பெருகத் தொடங்குகிறது.

கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச்சாவடியை
உவமையாக எழுதச் சொல்கிறார்கள்,
நிதி தருகிற குழுவுக்குப் புரியுமாம்.
மாட்டேன்.
அந்தச் சாவடியைத் தினம் கடக்கிறேன்.
லாரியில் என்ன இருக்கிறதென்பதைவிட
ஓட்டுகிறவன் யாரென்பதையே பார்க்கிறார்கள்.
செல்லுக்கு முகம் தெரியாது. பெயரும்.

அதற்குத் தெரிந்தது ஒன்று:
டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கரு.
கூடத்தில் ஒரு துண்டு கிடந்தால்
அதில் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்காமலே
நீளத்தை மட்டும் அளக்கும் ஒரு புரதம்.
போதுமான நீளமென்றால் கத்தும்.
தன் துண்டே வழிதவறிக் கிடந்தாலும் கத்தும்;
சிலருக்கு அதுவே ஆயுள் முழுக்க நோய்.

நேற்று இரவு மூன்று முறை கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமி எழ ஏழு நொடி.
ஒவ்வொரு முறையும் இன்குபேட்டர் கதவில்
உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்,
என் கைச்சூடு எதற்காவது ஆகுமென்பதுபோல.

நாற்பத்தெட்டாம் மணி. தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
பச்சை ஒளிர்ந்தால் செல் கண்டுகொண்டது என்று அர்த்தம்.
முனெம்மாவின் செல்கள் இருட்டாகக் கிடந்தன,
உள்ளே கூட்டம் கூட்டமாகக் கிருமி,
வெளியே ஒரு சலனமில்லை.
“ஆன்டிபாடி பழசாயிருக்கும்” என்றார் ஞானதீபம்.
புதுப் புட்டி. நேற்று நானே உடைத்தது.

ஜி வரிசை, நான்காம் குழி. அங்கே மட்டும் பச்சை.
நாலு செல்கள். ஐந்தாகவும் இருந்திருக்கலாம்;
ஒன்று அதற்குள் வெடித்துவிட்டது.
தன் சுவரில் தானே துளையிட்டு
உள்ளிருந்ததையெல்லாம் கொட்டியிருந்தது.
அக்கம்பக்கத்துக்கு அது சொன்ன சேதி அதுதான்.

நாலு செல்லை வைத்துக்கொண்டு
கட்டுரை எழுத முடியாது.
குறிப்பேட்டில் பென்சிலால் வட்டமிட்டேன்,
வேண்டுமென்றால் அழிக்கலாம்.

இன்று முனெம்மா வீட்டுக்குப் போகிறாள்.
மருமகன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கிறான்.
“ஏமம்மா, தெலிசிந்தா?”
என் தெலுங்கு பஸ் போர்டு மட்டும்தான்.
ஆனாலும் அது
ஓர் எழுத்து வழுக்கிய என் மொழியாகவே காதில் விழுந்தது.
ஆமாமுக்கும் இல்லைக்கும் நடுவில்
எப்படியோ தலையை ஆட்டினேன்.
ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு
புடவையைச் செருகி ஏறினாள்.
முழங்கால் மடங்கியபோது பார்த்தேன்,
பொருக்கு உதிர்ந்த இடத்தில்
புதுத் தோல், இன்னும் நிறம் சேராமல்.